கை கொஞ்சம் சும்மா இருக்கட்டும்

இரவில் ஏதோ வந்து போயிருக்கிறது. காடைக் கூண்டுக்கு வெளியே இறகு சிதறிக் கிடக்கிறது. ஒன்றிரண்டு செத்துவிட்டன, ஒன்று மட்டும் மூலையில் கண்ணை மூடிக்கொண்டு, உடம்பை உப்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. அந்த ஒன்றைப் பற்றித்தான் உன்னிடம் பேச வேண்டும், கண்ணு. மொட்டை மாடியிலும் கொல்லைப்புறத்திலுமாகக் காடை வளர்த்தே வயதானவள் நான். மருந்து சொல்ல மருத்துவர் இருக்கிறார். அவரிடம் போகும் வரைக்கும், போய் வந்த பிறகும், நீ எப்படி இருக்க வேண்டும் என்பதை நான் சொல்கிறேன்.

1. அழுகை வந்தால் அழுதுவிடு. கூண்டுக்குப் பக்கத்தில் மட்டும் வேண்டாம். நேற்றுவரை உன் கையில் தீவனம் கொத்தியிருந்தாலும், இன்றைக்கு அந்தப் பறவைக்கு நீயும் ஒரு பெரிய விலங்குதான். ஜப்பானில் பல நூறு வருடம் கூண்டிலேயே வளர்ந்த இனம் இது. 1974-இல் இந்தியாவுக்கு வந்தபோதே அடைகாக்கும் பழக்கத்தை ஏறக்குறைய மறந்துவிட்டிருந்தது, ஆனால் பயத்தை மறக்கவில்லை. எங்கள் தெருவில் ஒரு பெண் பூனை வாயிலிருந்து தன் காடையை மீட்டாள். மடியில் வைத்துக்கொண்டு வீடு வீடாகப் போய்க் காட்டினாள். பார்த்தவர்களெல்லாம் 'ஐயோ பாவம்' என்று ஒரு தடவை தடவிக் கொடுத்தார்கள். மத்தியானத்துக்குள் அது செத்துப்போனது. அப்புறம் இறகை விலக்கிப் பார்த்தால் இறக்கையில் சின்னதாக ஒரு கீறல், அவ்வளவுதான்.

2. தூக்க வேண்டியிருந்தால் இரண்டு கையாலும் தூக்கு. இறக்கை மடிந்திருக்கட்டும், கால் உன் உள்ளங்கையில் ஊன்றியிருக்கட்டும், நெஞ்சை மட்டும் அழுத்தாதே. நமக்கு மூச்சு வாங்க உதரவிதானம் இருக்கிறது. பறவைக்கு அது கிடையாது. நெஞ்செலும்பு முன்னும் பின்னும் அசைந்தால்தான் அதற்கு மூச்சு. பாசத்தில் இறுக்கிப் பிடித்தே கொன்றவர்கள் உண்டு, கெட்ட எண்ணம் துளியும் இல்லாதவர்கள். தரையிலிருந்து ஒரு சாண் உயரத்துக்கு மேல் தூக்காதே. பயந்த காடை பக்கவாட்டில் ஓடாது, நெட்டுக்குத்தாக மேலே எகிறும். மண்டையை இடித்துக்கொண்டு அப்படியே கீழே விழும்.

3. ஓர் அட்டைப்பெட்டி எடுத்துக்கொள். பக்கத்தில் நாலைந்து துளை போடு, மேலே மெல்லிய துணி மூடு. உள்ளே இருட்டும் வெதுவெதுப்பும் இருந்தால் போதும், அதிர்ச்சியில் இருக்கும் பறவைக்கு முதல் மருந்து அதுதான். காடையின் உடம்புச் சூடு 41, 42 டிகிரி. அதிர்ச்சியில் அது இறங்கும். பெட்டிக்குள் 30 டிகிரி வாக்கில் இருக்கட்டும். வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுற்றிப் பெட்டியின் ஒரு பக்கம் மட்டும் வை. சூடு அதிகமானால் அடுத்த பக்கம் நகர்ந்துகொள்ள அதற்கு இடம் வேண்டும். எல்இடி பல்பை மாட்டிவிட்டுச் சூடு வரும் என்று நம்பாதே, வராது. பழைய குண்டு பல்பு கிடைத்தால் நல்லது. சித்திரை வெயிலில் இந்தச் சூடு எதுவும் வேண்டாம். வாயைத் திறந்து மூச்சிரைத்தால் சூடு மிஞ்சிவிட்டது என்று தெரிந்துகொள்.

கீழே செய்தித்தாள் விரிக்காதே, கால் வழுக்கும். நூல் பிரியாத பழைய டர்க்கி டவல் போடு. 1990-இல் ரஷ்யர்கள் மீர் விண்வெளி நிலையத்தில் காடை முட்டையைப் பொரிக்க வைத்தார்கள். குஞ்சு நன்றாகத்தான் வெளியே வந்தது. ஆனால் எடையில்லாத இடத்தில் கால் ஊன்ற முடியாமல் மிதந்தது, தானாகக் கொத்தித் தின்ன அதனால் முடியவில்லை. அந்தச் செய்தியைப் படித்த நாளிலிருந்து எந்த நோஞ்சான் காடைக்கும் முதலில் காலுக்குப் பிடிமானம் இருக்கிறதா என்றுதான் பார்ப்பேன். நிற்க முடிந்தால்தான் தின்னும்.

4. வாயில் தண்ணீர் ஊற்றாதே. இதைச் சொன்னால் பெரியவர்களுக்குக் கோபம் வரும். அடிபட்ட உயிர் எதுவானாலும் தண்ணீர் காட்டுவதுதானே நம் பழக்கம். எங்கள் அம்மா கருப்பட்டியைக் கரைத்து, அலகைப் பிளந்து சங்கில் புகட்டுவாள். குழந்தைக்குப் பாலடையில் புகட்டிய அதே கை. காடையின் நாக்கு அடியிலேயே மூச்சுக்குழாய் வாய் திறந்திருக்கிறது, ஊற்றுவது அதற்குள் போய்விடும். பறவை தெளிந்து தலையைத் தூக்கிய பிறகு, விரல் நுனியால் அலகின் ஓரத்தில் ஒரு சொட்டு வை. அது தானாக விழுங்கினால் இன்னொரு சொட்டு. விழுங்கவில்லை என்றால் நிறுத்திக்கொள். முதல் நாள் எலக்ட்ரோலைட் கலந்த தண்ணீர் ஆழமில்லாத மூடியில் இருக்கட்டும், நடுவில் இரண்டு கூழாங்கல் போட்டுவிடு, இல்லாவிட்டால் தள்ளாடும் பறவை மூக்கைத் தண்ணீரில் கவிழ்த்துக்கொள்ளும். பால் வேண்டாம், பறவைக்கு அது செரிக்காது.

5. ரத்தம் கொட்டினால் உடனே பார். இல்லையென்றால் ஒரு மணி நேரம் இருட்டில் விட்டுவிட்டு, பிறகு பார். 180 கிராம் எடையுள்ள காடையின் உடம்பில் ஓடும் ரத்தம் மொத்தமே ஒரு மேசைக்கரண்டிக்குள் அடங்கிவிடும். ஆகவே வழிகிற இடத்தில் சுத்தமான பஞ்சை வைத்து, ஐந்து நிமிடம் அழுத்திப் பிடி. நடுவில் நின்றுவிட்டதா என்று எடுத்து எடுத்துப் பார்க்காதே. எடுத்துப் பார்க்கும் ஒவ்வொரு தடவையும் உறைந்தது பிய்ந்து வரும்.

பிறகு காயத்தைத் தேடு. தேடத்தான் வேண்டும், ஏனென்றால் இறகு எல்லாவற்றையும் மறைத்துவிடும். இறக்கைக்கு அடியில், முதுகில், கழுத்துப் பிடரியில், பின்புறத்தில். கொதித்து ஆறிய அரை லிட்டர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டிக்குச் சற்றுக் குறைய உப்புப் போட்டு, அதில் பஞ்சை நனைத்து இறகைப் படிய வைத்து விலக்கினால் தோல் தெரியும். அதே உப்புநீரால் காயத்தைக் கழுவு. போவிடோன் அயோடின் இருந்தால் வெளிர்ந்த கட்டங்காப்பி நிறத்துக்குத் தண்ணீர் விட்டுத் தொட்டுவை. தோலுக்கு அடியில் காற்று அடைத்துப் புடைத்திருந்தால் உள்ளே காற்றுப்பை கிழிந்திருக்கலாம். குத்திப் பார்க்காமல் மருத்துவரிடம் கொண்டுபோ. காப்பித்தூள், சாம்பல், சுண்ணாம்பு, மண்ணெண்ணெய் எதுவும் வேண்டாம். மஞ்சள் நல்லதுதான், குழம்பில். திறந்த புண்ணில் அப்பினால் கட்டியாகி அடியில் சீழ் கோத்துக்கொள்கிறது, மேலே பார்த்தால் ஆறியது போலவே இருக்கிறது. எண்ணெய்ப்பசையான களிம்பும் ஆகாது. இறகில் இழுவிக்கொண்டால் அது குளிரைத் தாங்காது.

6. வந்தது பூனை என்றால், காயமே தெரியாவிட்டாலும் அன்றைக்கே மருத்துவரிடம் போ. பூனைப்பல் இறங்கிய துளை வெளியே மூடிக்கொள்ளும். பூனையின் வாயில் இருக்கும் பாஸ்டுரெல்லா என்ற கிருமி உள்ளே ரத்தத்தில் கலந்து, ஒன்றிரண்டு நாளில் பறவையைக் கொன்றுவிடும். சாயங்காலம் நன்றாகத் தின்றது, காலையில் விறைத்துக் கிடந்தது என்று சொல்பவர்கள் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். அதற்கு நுண்ணுயிர்க்கொல்லிதான் வழி, அதை மருத்துவர்தான் எழுத வேண்டும். போகும்போது சமையலறைத் தராசில் எடை பார்த்துக் குறித்துக்கொண்டு போ. இந்தச் சின்ன உடம்புக்கு மருந்தின் அளவை எடையின் கிராம் கணக்கைப் பார்த்துத்தான் சொல்வார்கள்.

உனக்குத் தயக்கம் வரும், எனக்குத் தெரியும். கறிக்கடையில் தொங்கும் பறவையைப் பெட்டியில் வைத்துக்கொண்டு மாட்டுக்கும் ஆட்டுக்கும் நடுவே வரிசையில் நிற்பதா என்று. பக்கத்தில் இருப்பவர் சிரிப்பார், 'மசாலா தடவிட வேண்டியதுதானே' என்பார். நீயும் சிரித்துவிட்டு அங்கேயே நில். நாமக்கல்லிலும் வேப்பேரியிலும் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, காடையைத் தெரிந்தவர்கள் அங்கே இருக்கிறார்கள். உன் ஊர் மருந்தகத்தில் மருத்துவர் 'காடையா?' என்று புருவத்தை உயர்த்தினாலும் பணிவாகக் கேள். பணிந்து கேட்பவனுக்குச் சொல்லாமல் அனுப்பும் மருத்துவர் குறைவு.

7. வீட்டில் இருக்கும் வலி மாத்திரையை உடைத்துக் கொடுக்காதே, கால் மாத்திரைகூட வேண்டாம். டைக்ளோபெனாக் என்ற வலி மருந்தை ஊசியாகப் போட்ட மாடு செத்து, அதன் இறைச்சியைத் தின்றதனாலேயே இந்தியாவின் பிணந்தின்னிக் கழுகுக் கூட்டம் சிறுநீரகம் கெட்டு ஏறக்குறைய அழிந்தது. 2006-இல் கால்நடைக்கு அந்த மருந்தைத் தடை செய்தார்கள். மாட்டைத் தாங்க வைத்த மருந்து, பிணந்தின்னிக் கழுகையே சாய்த்திருக்கிறது. உன் காடை எம்மாத்திரம்?

8. ஈயைக் கவனி. நம் ஊர் வெயிலுக்குத் திறந்த புண்ணில் ஈ முட்டையிட்டால் ஒரே நாளில் புழு நெளியும். பெட்டியைக் கொசுவலையால் மூடு. காலையும் மாலையும் புண்ணைச் சுற்றி வெள்ளையாக, ரவை அளவில் ஏதாவது ஒட்டியிருக்கிறதா பார். பின்புறத்தில் எச்சம் காய்ந்து ஒட்டினால் வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்துத் துடைத்துவிடு.

9. காடை தன் வலியைச் சொல்லாது. காட்டில் நோஞ்சானைத்தான் வல்லூறு முதலில் அடிக்கும். அதனால் நலமாக இருப்பதாகக் காட்டிக்கொள்வது அதன் ரத்தத்தில் ஊறியிருக்கிறது. நீ எட்டிப் பார்க்கும்போதெல்லாம் தீவனத்தைக் கொத்தும். உற்றுப் பார்த்தால் ஒரு மணிகூட உள்ளே போயிருக்காது. கொத்துவதை நம்பாதே, தராசை நம்பு. தினமும் ஒரே நேரத்தில் எடை பார்த்து நாட்காட்டியின் ஓரத்தில் எழுது. எச்சத்தையும் பார். வெள்ளைத் தொப்பியோடு பழுப்பாக இருந்தால் தீனி உள்ளே போகிறது. கரும்பச்சையாக, நீர்க்கப் போனால் வயிறு காலி.

தீனியில் கஞ்சத்தனம் வேண்டாம். பெரிய காடை நாளுக்கு 20, 25 கிராம் தின்னும். ஆறுகிற உடம்புக்குப் புரதம் தேவை, வெறும் கம்பும் குருணையும் போதாது. காடைக் குஞ்சுத் தீவனத்தை வெந்நீரில் பிசறி, அவித்த முட்டையை உதிர்த்து மேலே தூவு. முட்டையிடும் பறவைக்கே முட்டையா என்று முகம் சுளிக்காதே, அதற்கு ஒன்றும் அருவருப்பில்லை. மீந்ததை மத்தியானத்துக்குள் எடுத்துக் கொட்டிவிடு, புளித்துப்போகும்.

10. தனியாக வை, தனிமையில் வைக்காதே. சிவப்பைக் கண்டால் காடைக் கூட்டம் கொத்தும். பொல்லாத்தனத்தால் செய்வதில்லை, கண்ணில் பட்டதைக் கொத்துவது அதன் குணம். கொத்திக் கொத்தி எலும்பு தெரியச் செய்துவிடும். சேவல் காடையோ அடிபட்ட பெட்டையின் பிடரியைப் பிடித்து மேலே ஏறும். அதனால் பெட்டி வேறாக இருக்கட்டும், ஆனால் மற்றவற்றின் சத்தம் கேட்கிற இடத்தில் இருக்கட்டும். சத்தமே இல்லாத அறையில் வைத்த காடை தின்ன மறுத்து, கூட்டத்தின் குரல் கேட்கும் திண்ணைக்கு மாற்றியதும் தலை நிமிர்ந்ததைக் கண்ணால் கண்டிருக்கிறேன். புண் முழுக்க ஆறி, அங்கே இறகு குருத்துவிட்ட பிறகு சேர்த்துவிடு. முதலில் சில நாள் நடுவில் கம்பிவலை வைத்துப் பார்த்துக்கொள்ளட்டும். பிறகு ஒரு சாயங்காலம், வெளிச்சம் மங்கும் நேரத்தில் விடு. ஒளிந்துகொள்ள இரண்டு மூன்று புல் குவியல் போட்டு வை. அன்றைக்கு வேறு வேலை வைத்துக்கொள்ளாமல் பக்கத்திலேயே உட்கார்.

11. முதுகு மொட்டையாக நிற்கிறதே என்று பதறாதே. பிடிபடும் பயத்தில் காடை இறகைக் கொத்தாக உதிர்த்துவிடும். பிடித்தவன் வாயில் இறகு மட்டும் மிஞ்சும், உயிர் தப்பிவிடும். சில வாரத்தில் முளைத்துக்கொள்ளும். கண் ஒன்று போனாலும் பிழைக்கும், தீனியைத் தினமும் ஒரே இடத்தில் வை, பார்வையிருக்கும் பக்கமாக நெருங்கு, தொடுவதற்கு முன் குரல் கொடு. விரல் போனாலும் பிழைக்கும். பறவை எலும்பு மூன்று வாரத்தில் கூடிவிடக்கூடியது, ஆனால் கோணலாகவும் கூடிவிடும். கால் தொங்கினால் மருத்துவர் கட்டுப் போடட்டும், ஐஸ் குச்சியும் நூலும் எடுத்து நீயே முயலாதே.

12. எல்லாம் பிழைக்காது. குடல் வெளியே வந்தது, முதுகு முறிந்து பின்பகுதி செத்தது, மூச்சுக்கு மூச்சு வாய் பிளப்பது, இவற்றைப் பார்த்தால் மருத்துவரிடம் நேராகக் கேள்: 'இது தேறுமா, வலியில்லாமல் அனுப்பிவிடலாமா?' அந்தக் கேள்வியைக் கேட்க நாக்கு எழாது. எனக்கும் எழுந்ததில்லை, கேட்காமல் வைத்திருந்து, என் மனசு நோகக் கூடாது என்பதற்காக ஒரு பறவையை நோக விட்டிருக்கிறேன். வளர்த்த கைக்கு அந்தப் பொறுப்பும் உண்டு. வீட்டில் குழந்தை இருந்தால் 'பறந்து போயிடுச்சு' என்று சொல்லாதே. செத்துவிட்டது என்றே சொல், குழி தோண்டும்போது கூட நிற்கட்டும்.

13. இதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும்: வந்தது இன்றிரவும் வரும், அதே நேரத்துக்கு, அதே வழியாக. பொழுது சாய்வதற்குள் மற்றவற்றை வீட்டுக்குள் எடுத்துவிடு. பிறகு யார் வந்தது என்று துப்புப் பார். அடியில் தொங்கிய விரலும் காலும் மட்டும் கடிபட்டிருந்தால் எலி அல்லது பெருச்சாளி. இறகு சிதறாமல் எண்ணிக்கை மட்டும் குறைந்தால் சாரைப்பாம்பு. இரவில் பலவற்றைக் கடித்துப் போட்டுவிட்டு ஒன்றைத் தூக்கிப் போனால் மரநாயாக இருக்கலாம். பட்டப்பகலில் என்றால் கீரி. கோழிவலை கோழியை உள்ளே வைக்கத்தான் உதவும், எலியை வெளியே வைக்காது. அரை அங்குலக் கண்ணுள்ள வெல்டுமெஷ் வாங்கி, தரைக்குக் கீழே அரை அடி இறக்கிப் புதை. கூண்டின் அடிப்பக்கத்துக்குப் பலகையோ தகரமோ கொடு. கொக்கி போதாது, மரநாய் நெம்பிவிடும். திருகித் திறக்கும் தாழ்ப்பாள் போடு. கூரையின் உட்பக்கம் பழைய சாக்கைத் தொய்வாகக் கட்டு, எகிறினால் மண்டை உடையாது.

விஷம் வைக்க நினைக்காதே. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு. எலிக்கு வைத்ததைத் தின்று தள்ளாடும் எலியை ஆந்தை தின்று சாகும், அந்த ஆந்தைதான் உனக்கு இரவெல்லாம் எலி பிடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தது. மரநாயும் கீரியும் சாரையும் 1972-ஆம் வருட வனவிலங்குச் சட்டத்தின் பாதுகாப்பில் இருப்பவை. பக்கத்து வீட்டுப் பூனை என்றால் சண்டைக்குப் போகாதே, பூனைக்கு உன் வேலி தெரியாது. அவர்களிடம் சொல்லிவைக்கலாம், ஆனால் கூண்டைப் பலப்படுத்த வேண்டியது நீதான்.

14. முட்டை நின்றுபோகும். பயந்த பெட்டை வாரக்கணக்கில் இடாது, இட்டாலும் முதலில் ஓடில்லாமல், தோல் மட்டுமாக வரும். சிப்பித்தூளைத் தனியாக ஒரு கிண்ணத்தில் வை, வேண்டியதை எடுத்துக்கொள்ளும். கூடுதல் வெளிச்சம் போட்டு அவசரப்படுத்தாதே. தேறும் வரை இடாமலே இருக்கட்டும். மருந்து ஓடும் நாளிலும், நிறுத்திய பிறகு மருத்துவர் சொல்லும் நாள்வரையிலும் வரும் முட்டையை யாருக்கும் அவித்துக் கொடுக்காதே. குப்பைமேட்டிலும் வீசாதே, ருசி கண்ட காகம் மறுநாள் கூண்டைச் சுற்றி வரும். ஒரு முழம் தோண்டிப் புதைத்துவிடு.